ஔவுக்குப் பிறகு வந்த கடிதம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் ஏழு வயது மகள் வசந்தா 'எல்' எழுத்துக்கு வந்து சேர்ந்தாள். இங்கே சிங்கப்பூரில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும், அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். எனக்கு முதல் நாளே அந்த நோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

'டி' என்றதும் டுரியான் பழம் தின்றாள். இந்த மண்ணில் பிறந்தவள், அவள் அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது என்பதால் அதுவரை வாயில் வைத்ததில்லை. 'எச்' வந்தபோது பக்கத்து வீட்டுச் சீனத்தியின் கோழிகளுக்குத் தீனி போட்டாள். 'கே' வந்ததும் மாடியில் காற்றாடி விட்டாள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டாள். ஒன்றுக்கும் நான் போகவில்லை. அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி, இல்லாத வேலையைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஆறு வருடமாக நான் புதிதாக ஒரு காரியமும் செய்ததில்லை. துறைமுகக் கிடங்கில் அதே நாற்காலி, அதே பஸ்ஸில் வலப்பக்கத்து மூன்றாவது இருக்கை, காலையில் அதே இட்லி. என் மனைவி ராஜம் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் நீளம். "இந்த மனுஷன் புதுச் சட்டை எடுத்தாக்கூட ஒரு மாசம் பெட்டியில வச்சுப் பழசாக்கித்தான் போடுவாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். புதியது என்றால் எனக்கு என் அக்காவின் முகம் வந்து நிற்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2

என் அக்கா தனபாக்கியம். என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் தாலியை இழந்து செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீடு அண்ணன் கையில் இருந்தது. அண்ணனுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். செய்யூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மூட்டை வந்து இறங்கும். அக்கா எட்டு வருடம் அந்த வீட்டில் சமைத்தாள். மண்டி ஆட்களுக்கும் சேர்த்து நாளுக்குப் பதினைந்து இலை. வாசல் தாண்டுவது என்றால் விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய் வருவதுதான்.

நான் அப்போது செங்கல்பட்டு ரயில் நிலையத்துக் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வருகிற மூட்டைகளின் முத்திரையையும் தேதியையும் சரி பார்த்துப் பதிவது என் வேலை. நாற்பத்தொன்பதாம் வருடக் கடைசியோ ஐம்பதின் தொடக்கமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மண்டிக்குப் போயிருந்தார். அக்கா மண்டி நாள்காட்டியில் கிழித்த தாள்களை அடுப்புக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் கரியால் 'அ' என்று எழுதினாள்.

"இன்னாடா தம்பி, எனக்கு இருபத்தேழு வயசு ஆவுது. நான் செஞ்சது எதுன்னு எண்ணிப் பார்த்தா சோறு வடிச்சது மட்டுந்தான் கீது. அ-வுலேருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஞாயித்துக்கு ஒரு எழுத்து. நான் பண்ணாதது எதுனா ஒண்ணு பண்ணணும். நீயும் பண்ணாததா இருக்கணும். இன்னா சொல்றே?"

நான் சரி என்றேன். எனக்கும் பொழுது போகவேண்டியிருந்தது.

அ என்பதற்கு அத்தர். சந்தையில் அத்தர் விற்க வருகிற சதுரங்கப்பட்டினத்துப் பாய் ஒருவரிடம் ஒரு துளி வாங்கி வந்தேன். அவள் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, அண்ணன் வரும் முன் அதன் மேல் விபூதியை அப்பிக்கொண்டாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். அக்கா குழம்பு ஊற்றுகிற கை ஆடாமல் ஊற்றினாள். ஆ என்பதற்கு ஏரிக்கரை ஆலமரத்து விழுதைப் பிடித்து ஆடினோம். இ வந்தபோது நான் பழக்கமான டிரைவரைக் கெஞ்சி அவளை ரயில் இஞ்சினில் ஏற்றினேன். முகமெல்லாம் கரியோடு இறங்கி, "உள்ள இம்மாம் சூடு கீதே, அந்த ஆளுக்குப் பொண்டாட்டி எப்டித் துணி தோய்ப்பா" என்று கேட்டாள். ஈ என்பதற்கு ஈசல் வறுத்துப் பொரியோடு தின்றோம்.

உ, உப்புத் தண்ணீர். செங்கல்பட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. அத்தர் பாய் தன் ஊருக்கு வரச் சொன்னார். அண்ணனிடம் கோயில் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். சதுரங்கப்பட்டினக் கரையில் அலை அவளை முழங்காலுக்கு மேல் நனைத்துவிட்டது. பாயின் தங்கை மரியம் பீவி, அவளும் கைம்பெண்தான், தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் உலர்ந்த புடவை கொடுத்தாள். அந்தப் புடவை பச்சை நிறம். அக்கா அதைக் கட்டிக்கொண்டு நின்ற அரைமணி நேரமும் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏன் என்று இப்போது புரிகிறது, வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்ல.

மரியம் பீவி வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அடுத்த ஞாயிறு ஊ என்பதற்கு ஊசி என்று சொல்லி அக்கா அங்கேயே திரும்பப் போனாள். சக்கரத்தில் கை வைத்தவள் நான் கூப்பிடுகிற வரை எடுக்கவில்லை.

எ என்ன தெரியுமா. எதிர்த்துப் பேசுவது. அந்த ஞாயிறு அண்ணன் காலையில், இன்றைக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னிக்கு எனக்கு வேலை கீது, முடியாது" என்றாள். அண்ணன் செருப்பு மாட்டுகிற காலோடு அப்படியே நின்றார். பிறகு மண்டிக்குப் போய்விட்டார். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, நாள்காட்டித் தாளைத் திருப்பிக் கரியால் 'எ' என்று எழுதினாள். ஏ என்பதற்கு ஏறுவது. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறி உச்சியில் நின்றோம். ஐ என்பதற்கு பஸ் நிலையத்தில் ஐஸ் போட்ட சர்பத்.

ஐயோடு நான் கப்பல் ஏறினேன்.

3

கிளம்புகிற அன்று அக்கா சொன்னது இது: "மிச்ச எழுத்தை நீ அங்க பண்ணு, நான் இங்க பண்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து. பண்ணிட்டு எழுது. நீ எழுதினாத்தான் நான் அடுத்த எழுத்துக்குப் போவேன்."

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் பலரும் எழுதுகிறார்கள். நானும் முதல் சில மாதம் என்ன செய்தேன் என்று சொல்லவா. கிடங்கில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக் கிடந்தேன். பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. 'ஒ' எழுத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யவில்லை என்று எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. எனவே புளுகினேன். ஒ என்பதற்கு ஒத்தையாகக் கிளம்பி, பாஷை தெரியாத ஊர் ஊராகப் போய் ஒரு ராத்திரி யார் வீட்டிலோ தங்கினேன் என்று எழுதினேன். ஓ என்பதற்கு ஓடம். சம்பான் என்கிற சிறு படகை நானே துடுப்புப் போட்டு எதிரில் தெரிகிற தீவு வரை ஓட்டிப் போனேன் என்று இரண்டு பக்கம். அலையைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியது.

அவள் புளுகவில்லை.

"நீ ஒத்தையா போனேன்னு எழுதினியே, நானும் ஒத்தையா போனேன்" என்று பதில் வந்தது. அண்ணனிடம் சொல்லாமல், துணையில்லாமல், பஸ் ஏறி மரியம் பீவி வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். ஓ எழுத்துக்கு, கால்வாயில் விறகு ஏற்றிப் போகிற ஓடத்தில் ஏறி, அடுத்த ஊர் வரை போனாள். "உன்னாட்டம் கடல்ல வலிக்க எனக்கு தைரியம் வரல. கால்வாயோட நிறுத்திகினேன், சிரிக்காதே" என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை, ஆனால் உண்மையையும் எழுதவில்லை. அவளுக்கு நான் வீரனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஔ எழுத்துக்கு ஔடதம் என்று இன்னொரு புளுகு. சீன மருந்துக் கடையில் ஏதோ கஷாயம் குடித்தேன் என்று. மூன்று எழுத்துக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடமும் அவள் என் கடிதத்துக்காக அடுத்த எழுத்தைத் தொடாமல் காத்திருந்தாள்.

4

ஐம்பத்து மூன்றில் அண்ணன் கடிதம் வந்தது. உறையின் ஒரு மூலை கிழிக்கப்பட்டிருந்தது. அப்படி வந்தால் என்ன சேதி என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே நின்று பிரித்தேன்.

"தனபாக்கியம் வாந்திபேதியில் இறந்துவிட்டாள். காரியங்கள் முறைப்படி நடந்துவருகின்றன. நீ செலவு செய்து வர வேண்டியதில்லை. தலை முழுகிக்கொள்ளவும்."

சாவுச் சேதி சுமந்த கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, கொல்லைக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வசந்தா அப்போது கைக்குழந்தை. நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள். சதுரங்கப்பட்டினத்தில் எங்கேயாவது கண்ட தண்ணீரைக் குடித்திருப்பாள், ஒத்தையாகப் போகச் சொன்னவன் நான்தான் என்று மனத்தில் விழுந்தது. விழுந்தது பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து இன்னொரு உறை வந்தது. அக்காவின் கையெழுத்து. என் பெயரின் முதல் எழுத்தைக் கோலம் போடுவதுபோல் பெரிதாகச் சுழித்து எழுதுவாள். அதே சுழி.

கப்பல் தபால் அப்படித்தான். முன்னால் எழுதியது பின்னால் வரும். சாவதற்கு முன்பு போட்டது, சுற்றிக்கொண்டு இப்போது வந்திருக்கிறது என்று நினைத்தேன். ராஜம் கதவிலேயே மறித்தாள். "போனவங்க கடுதாசிங்க. பிள்ளை இருக்கிற வீடு. கிழிச்சுப் போட்டுட்டு வாங்க." சாவுக் கடிதத்தைக் கிழிக்கலாம், அதற்கு முறை இருக்கிறது. செத்தவள் எழுதிய கடிதத்தை என்ன செய்வது என்று நமக்கு யாரும் முறை வைக்கவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை, பிரிக்கவும் வரவில்லை. உள்ளே 'க' இருக்கும். என் புளுகை நம்பி அவள் செய்த இன்னொரு காரியம் இருக்கும். அதைப் படித்தால் எனக்கு மூளை குழம்பிவிடும் என்று பயந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில், பழைய வேட்டிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உறையின் மேல் அஞ்சல் முத்திரை இருந்தது. கூட்ஸ் ஷெட்டில் ஆயிரக்கணக்கான முத்திரையைப் பார்த்துத் தேதி பதிந்தவன் நான். அந்த ஒரு முத்திரையை மட்டும் நான் பார்க்கவில்லை.

அதன்பின் ஆறு ஆடி அமாவாசை. ஒவ்வொன்றுக்கும் கடற்கரைக்குப் போய் முழுகி எழுந்து அவள் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். மற்ற நாட்களில் அவள் என்னைத் தேடி வந்தாள். டுரியான் கடையைத் தாண்டும்போது பின்னால் நின்று, "இது நீ தின்னு பார்த்துட்டியாடா?" என்பாள். புதுப் பாதையில் திரும்பினால் கூடவே நடப்பாள். கலங்கரை விளக்கத்துப் படியில் எனக்கு முன்னால் ஏறிய அதே மூச்சிரைப்பு கேட்கும். பழைய பாதையில் மட்டும் அவள் வருவதில்லை. அதனால் பழைய பாதையிலேயே போனேன்.

5

இப்போது 'எல்'. அந்தச் சனிக்கிழமை ராஜம் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு படிக்காமல் இருந்தேன். உள்ளறையிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. வாரம் ஒருநாள் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டுவாள், கூட்டியது என்ன என்று அவளுக்கே தெரியாது.

"தம்... பிக்... கு... அக்... கா... எழு... திக்... கி... ன... து."

எழுந்தேன். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிரித்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எல்லுக்கு லெட்டர். நான் தமிழ் லெட்டர் படிச்சதே இல்ல. இது திறக்காம இருந்திச்சு, நான் திறந்தேன். ஓகேவா?"

பிடுங்கியிருக்கலாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டு விழவில்லை என்று தெரிந்ததும் தொடர்ந்தாள். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த வேகத்தில்தான் என் அக்கா எனக்கு உயிரோடு திரும்பி வந்தாள். அவள் கூட்டிக் கூட்டிப் படித்ததை நான் சேர்த்து எழுதுகிறேன்:

"தம்பிக்கு அக்கா எழுதிக்கினது. நான் நல்லா கீறேன். பயப்படாதே. நான் சாவல. 'க'வுக்குக் கைத்தொழில்னு முடிவு பண்ணி மரியம் பீவி வூட்டுக்கே வந்துட்டேன். ரவிக்கை தைக்கிறேன். அவங்க வூட்டுலயே சாப்பிடுறேன். அண்ணன் வந்து கூப்பிட்டாரு, வரமாட்டேன்னு சொன்னேன். நீ கடல்ல ஒத்தையா ஓடம் வலிச்சவன், உனக்குப் புரியும். அண்ணன் எனக்குக் கருமாதி பண்ணிட்டாரு. பதினாறாம் நாளு நூல் வாங்க செங்கல்பட்டு வந்தேன். பஸ்ஸு ஏரிக்கரை தாண்டுது. பந்தல் போட்டு எல்லாரும் உக்காந்துகினு கீறாங்க. யாரு செத்தாங்கன்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன். மல்லாட்டை மண்டிக்காரர் தங்கச்சின்னு சொன்னாரு. நான் எறங்கல. படையலுக்கு அதிரசம் வச்சிருந்தாங்க போலகீது, எனக்குப் புடிக்கும்னு நெனப்பு வச்சிருக்காங்க. உனக்கும் சாவு சேதி எழுதியிருப்பாங்க. நீ நம்பாதே. ஒரு வரி போடு. பதில் வரலைன்னா நீயும் தலை முழுகிட்டேன்னு வச்சிக்கிறேன். அதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். உன் பொண்ணுக்கு ஒரு சட்டை தச்சி வச்சிருக்கேன். அளவு தெரியாம ஒரு வயசுக்குத் தச்சேன்."

"அப்பா, சட்டை எங்க?" என்றாள் வசந்தா.

நான் உறையை வாங்கி முத்திரையைப் பார்த்தேன். தெளிவாகவே இருந்தது. எனக்கு மறக்காத அண்ணன் கடிதத்தின் தேதிக்குப் பதினெட்டு நாள் பிந்தியது.

6

அண்ணனுக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை அச்சில் போட முடியாது. விமானத் தபாலில் பத்து நாளில் பதில் வந்தது. "வீட்டை விட்டுப் போய் அந்நியர் வீட்டில் நின்றுவிட்டவள் எங்களுக்கு இறந்தவள்தான். ஊர் அறியக் காரியம் செய்தேன். நான் பொய் எழுதவில்லை." வாந்திபேதியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பலமுறை படித்தேன். அவருடைய கணக்கில் அவர் சொல்வது சரிதான் என்பதுதான் என்னை உலுக்கியது.

அக்காவுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏழு முறை கிழித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒத்தையாகப் போகவில்லை, ஓடம் ஓட்டவில்லை, மருந்து குடிக்கவில்லை. கட்டிலில் கிடந்தேன். உன் கடிதத்தை ஆறு வருடம் பிரிக்காமல் வைத்திருந்தேன். சதுரங்கப்பட்டினம், மரியம் பீவி வீடு என்று விலாசம் எழுதி, பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு அனுப்புகிற அட்டையோடு சேர்த்துப் போட்டேன்.

அதோடு ஊருக்குப் போய்வர அனுமதிச் சீட்டுக்கும் மனுப் போட்டேன். போனால் திரும்பி உள்ளே விடுவதற்கு இப்போது அந்தச் சீட்டு இல்லாமல் முடியாது என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு முறை வரிசையில் நின்ற பிறகு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சீன குமாஸ்தா என் பழைய கோப்பைப் புரட்டினார். மலாயில் பேசினார், என் மலாய் கிடங்கு மலாய்.

"பயணக் காரணம் அக்காவைப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அக்கா இல்லையே."

"இருக்கிறாள்."

கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சில வருடத்துக்கு முன் குடியிருப்புப் பதிவுக்காக நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம். உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில்தான் இருந்தது. மூத்த சகோதரி, இறந்துவிட்டார்.

"நான் தப்பாக எழுதிவிட்டேன்."

"அக்கா செத்ததைக் கூடவா தப்பாக எழுதுவாய்?" அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். "உயிரோடு இருப்பதற்கு ஏதாவது காகிதம் கொண்டு வா."

செத்தவருக்குச் சான்றிதழ் உண்டு. உயிரோடு இருப்பவளுக்கு எந்த ஆபீசில் வாங்குவது? வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பழக்க தோஷம் என்று ஒன்று நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கால் தானாகக் கடைக்குப் போய், எள் ஒரு பொட்டலம் வாங்கி வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. பொட்டலத்தைப் பார்த்ததும் ராஜம் வாங்கி அடுக்களையில் வைத்தாள். மறுநாள் அதில் எள்ளுருண்டை பிடித்து வசந்தாவுக்குக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் பார்க்காமல், "அன்னிக்கு உங்களைக் கதவுல மறிச்சது நான்தான்" என்றாள். பிரிக்காதவன் நான்தானே என்றேன்.

7

அட்டை வந்தது. சிவப்பு அட்டை, ஒரு பக்கம் என் விலாசம், மறுபக்கம் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. கடிதம் இல்லை. அடுத்த தபாலிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நீங்கள் இதைப் படிக்கிற வரைக்கும் இல்லை.

வசந்தா அட்டையை வாங்கிக் கூட்டிப் படித்தாள். "த... ன... பாக்... கி... யம்." பின்னால் திருப்பிப் பார்த்தாள். "அத்தை வேற ஒண்ணுமே எழுதலையா?"

"இல்லை."

"ஏம்பா?"

"அப்பா ஆறு வருஷம் எழுதல. அதனால."

அவள் யோசித்தாள். "அப்ப அவங்களும் ஆறு வருஷம் எழுத மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் 'எஸ்' எழுத்துக்கு ஏதோ தேடிக்கொண்டு போய்விட்டாள்.

என் அக்கா உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் அந்த ஒரு அட்டைதான் காகிதம். மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். குமாஸ்தா தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். நான் பார்க்காமல் விட்டதை அவர் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். இது கோப்பில் இருக்க வேண்டும், திருப்பித் தரமாட்டோம் என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் எனக்கு எழுதியிருப்பது ஏழு எழுத்து. அதையும் கொடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் அட்டையின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். விட்டேன்.

அவர் பழைய விண்ணப்பத்தையும் பேனாவையும் என்னிடம் தள்ளினார். இறந்துவிட்டார் என்பதை நீயே அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடு என்றார். ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் 'உயிருடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் செய்யாததை, நான் செய்யாததை, பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா செய்ய வைத்தார்.

அடுத்த மாதம் கப்பல். இதை நான் அனுப்புகிற பத்திரிகை செங்கல்பட்டிலும் விற்கிறது, அண்ணன் கண்ணில் படும். படட்டும். அங்கிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒரு பிரதி போகும், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற யாராவது எடுத்து வருவார்கள். அவளுக்காகத்தான் இந்தக் கடைசிப் பத்தி.

அக்கா, நான் ஒத்தையாக வருகிறேன். இந்த முறை உண்மையாகவே. நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்பேன், திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். நீ எழுதியிருந்தாய், பதில் வராவிட்டால் நானும் தலை முழுகியதாக வைத்துக்கொள்வேன் என்று. முழுகினேன் அக்கா. ஒரு முறை குழாயடியில், ஆறு முறை கடலில். தலை இன்னும் காயவில்லை.